சி மொழியில் செயற்கூற்றின் வெற்றிக்கு 0 தருவதா, 1 தருவதா?

கேள்வி

அமைப்புக் கோப்புகளைப் படித்து எழுதும் சிறு நூலகம் ஒன்றை நானும் உடன் பணிபுரிபவர் ஒருவரும் சி மொழியில் எழுதிவருகிறோம். என் செயற்கூறுகள் (function) வெற்றிக்கு 1, தோல்விக்கு 0 தருகின்றன. அவருடையவை வெற்றிக்கு 0, தோல்விக்கு -1 தருகின்றன. "சேமிப்பு முடிந்தால் பழைய நகலை அழி" என்ற பொருளில், அவருடைய சேமிப்புச் செயற்கூற்றை என் பழக்கப்படி அப்படியே இஃப் நிபந்தனைக்குள் வைத்துவிட்டேன். சேமிப்பு நடந்தபோதெல்லாம் பழைய நகல் அழியாமல் கிடந்தது, அதை யாரும் கவனிக்கவில்லை. சேமிப்பு முதன்முறை தோற்ற அன்று நகலும் சேர்ந்து அழிந்தது. மொழியின் சொந்த நூலகத்திலும் ஒரே வழக்கம் தென்படவில்லை: நிரல் தொடங்கும் மெயின் 0 தந்தால் வெற்றி, நினைவகம் ஒதுக்கும் மேலாக் தோற்றால் வெற்றுச் சுட்டி, எழுத்துச் சரங்களை ஒப்பிடும் ஸ்ட்ர்கம்ப் 0 தந்தால் இரண்டு சரங்களும் சமம். எதைப் பின்பற்றுவது?

மறுமொழி 1

ஸ்ட்ர்கம்பை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அது வெற்றி தோல்வியைச் சொல்வதில்லை, இரண்டு சரங்களில் எது முந்தியது என்பதைச் சொல்கிறது. மற்றபடி 0 வெற்றியானதற்குக் காரணம் எளிது: வெற்றி ஒரே வகை, தோல்விக்கோ பல காரணங்கள் உண்டு, பூச்சியமும் ஒன்றுதான், பூச்சியமல்லாத எண்கள் ஏராளம்.

உங்கள் சிக்கலுக்கு லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலின் நிரல் நடை விதி நேரடியாகப் பொருந்தும். செயற்கூற்றின் பெயர் ஒரு செயலையோ கட்டளையையோ குறித்தால், அது வெற்றிக்கு 0 தர வேண்டும், தோல்விக்குக் குறை எண்ணாகப் பிழைக்குறியீட்டைத் தர வேண்டும். பெயர் ஆம், இல்லை என்று விடை கோரும் வினாவாக இருந்தால், உண்மை அல்லது பொய் தர வேண்டும். "சேமி" என்பது கட்டளை, ஆகவே 0. "இந்தத் திறவுச்சொல் உள்ளதா" என்பது வினா, ஆகவே பூல் (உண்மை, பொய் மட்டும் கொள்ளும் வகை). சி99 தரம் முதல் பூல் வகை மொழியில் இருப்பதால், வினாச் செயற்கூறுகளுக்கு முழுஎண்ணுக்கான இன்ட் வகையைப் பயன்படுத்தவே தேவையில்லை.

மறுமொழி 2

மேலே சொன்னது சரியே, ஆனால் செயற்கூறு ஒரு மதிப்பையும் கொண்டுவர வேண்டியிருக்கும்போது அது போதாது. உண்மையான தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. சரத்தை எண்ணாக்கும் ஏடூஐ செயற்கூற்றிடம் "0" என்ற சரத்தைக் கொடுத்தாலும், எண்ணே இல்லாத ஒரு சொல்லைக் கொடுத்தாலும், இரண்டுக்கும் 0 தான் வரும். கெட்சார் ஓர் எழுத்தைப் படித்துத் தந்தாலும் இன்ட் வகையைத் திருப்புவதன் காரணமும் இதுவே: ஒரு பைட்டின் 256 மதிப்புகளுக்கும் மேல், கோப்பு முடிந்தது என்பதைச் சொல்ல இன்னொரு மதிப்பு வேண்டும். அந்த மதிப்பை ஒரே பைட் கொள்ளும் சார் வகை மாறியில் போட்டால், சார் குறியுள்ள வகையாக இருக்கும் கணினிகளில் 255 என்ற பைட் கோப்பின் முடிவாகத் தோன்றும். குறியற்ற வகையாக இருந்தால் முடிவே வராது.

ஆகவே நிலையை மட்டும் திருப்பி அனுப்புங்கள். மதிப்பை அழைப்பவர் தரும் சுட்டியின் வழியே எழுதுங்கள். பிழை எண் இட்டுவைக்கப்படும் எர்நோவை உங்கள் நூலகத்தில் தவிர்ப்பது நல்லது என்பது என் கருத்து. தோல்விக்கும் அதைப் படிப்பதற்கும் இடையில் ஒரு பிரின்ட்எஃப் நுழைந்தாலும் அதன் மதிப்பு மாறிவிடக்கூடும். மேலும் எந்த நூலகச் செயற்கூறும் அதை 0 ஆக்குவதில்லை என்பதால், சரத்தை எண்ணாக்கும் ஸ்ட்ர்டால் போன்றவற்றை அழைக்குமுன் நாமே 0 ஆக்க வேண்டியிருக்கிறது. இழைகளைக் (thread) கையாளும் பிதிரெட் செயற்கூறுகள் இந்தச் சுற்றுவழியை விட்டுவிட்டுப் பிழை எண்ணையே நேராகத் திருப்புகின்றன.

கேட்டவர்

நன்றி. பிழை எண்களை ஓர் ஈனம் (enum, பெயரிட்ட எண்களின் பட்டியல்) வகையில் வைக்க எண்ணுகிறேன். திருப்பியனுப்பிய நிலையை அழைப்பவர் பார்க்காமலே விட்டால் என்ன செய்வது?

மறுமொழி 3

ஈனம் நல்ல முடிவு. முதல் உறுப்பு 0 ஆகவும் "பிழையில்லை" என்ற பொருளிலும் இருக்கட்டும். நூலகம் வெளியான பிறகு புதிய பிழைகளைக் கடைசியில் மட்டும் சேருங்கள், இல்லையெனில் முன்பே கம்பைல் செய்யப்பட்ட நிரல்கள் பழைய எண்களைத் தவறாகப் பொருள்கொள்ளும். பார்க்காமல் விடுவதைத் தடுக்க, சி23 தரத்தில் நோடிஸ்கார்ட் என்ற பண்புக்கூறு வந்துள்ளது. அதை ஈனம் வகையின் மீதே ஒருமுறை இட்டால், அந்த வகையைத் திருப்பும் செயற்கூறுகள் அனைத்துக்கும் கம்பைலரிடம் எச்சரிக்கையை எதிர்பார்க்கலாம். பழைய தரத்தில் இருந்தால், ஜிசிசி, கிளாங் என்ற கம்பைலர்களில் இதே வேலைக்கு அவற்றின் சொந்தப் பண்புக்கூறு உண்டு, ஆனால் ஜிசிசியில் அதை ஒவ்வொரு செயற்கூற்றுக்கும் தனித்தனியே இட வேண்டும்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். உங்கள் பழைய செயற்கூறுகளில் 1 என்ற வெற்றியை 0 என்று மாற்றும்போது பெயரையும் மாற்றிவிடுங்கள். பெயர் அப்படியே இருந்தால் பழைய இஃப் வரிகள் எல்லாம் பிழையின்றிக் கம்பைல் ஆகி, தலைகீழான பொருளில் ஓடும். பெயர் மாறியிருந்தால், திருத்த வேண்டிய ஒவ்வோர் இடத்தையும் கம்பைலரே காட்டிக்கொடுக்கும்.