ஃபிரண்டிங் கம்பெனிக்கு ரிஸ்க்கே இல்லையாம்!

பழைய அண்டர்ரைட்டர்:
கணக்குப்பிள்ளை நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "அமெரிக்க ஃபிரண்டிங் கம்பெனி என்பது லைசென்சை வாடகைக்கு விடும் தொழில், ரிஸ்க் ஒரு பைசா கிடையாது, உட்கார்ந்த இடத்தில் 5% வந்துவிடும்" என்கிறார். பதினொரு வருடம் சென்னையில் இருந்துகொண்டு டெக்சாஸ் லாரி பாலிசிகளைப் பார்த்தவன் நான். எம்ஜிஏ, அதாவது கம்பெனி சார்பில் பாலிசி விற்க அதிகாரம் பெற்ற ஏஜென்ட், ஆள் பிடித்து விலை சொல்வார், ஃபிரண்டிங் கம்பெனி தன் பெயரில் பாலிசி கொடுக்கும், பிரீமியத்தில் பெரும்பகுதி பெர்முடாவிலோ கேமன் தீவிலோ இருக்கும் ரீஇன்ஷூரருக்கு, அதாவது இன்ஷூரன்ஸ் கம்பெனியின் ரிஸ்க்கை ஏற்பவருக்கு, போகும். அதுவரை சரி. ஆனால் பாலிசியின் முதல் பக்கத்தில் யார் பெயர் இருக்கிறது? லாரி மோதிக் கால் போனவருக்கு யார் பணம் கட்ட வேண்டும்? அதைச் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
பெயர் இருந்தால் ரிஸ்க் ஆகிவிடுமா? ரிஸ்க்கில் நூறில் நூறையும் ரீஇன்ஷூரருக்குக் கொடுத்தாயிற்று, மீதி பூஜ்ஜியம். இதற்குக் கழித்தல் தெரிந்தால் போதும், பதினொரு வருடம் வேண்டாம். ஃபிரண்டிங் கம்பெனியின் மாநிலத்தில் அங்கீகாரம் இல்லாத ரீஇன்ஷூரர் பொதுவாக ஈடு வைக்க வேண்டும், டிரஸ்ட் கணக்கோ, பணத்துக்கு பேங்க் பொறுப்பேற்றுத் தரும் லெட்டர் ஆஃப் கிரெடிட்டோ. அவர் கட்டாவிட்டால் அதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே. டெக்சாஸின் ஸ்டேட் நேஷனல் என்ற ஃபிரண்டிங் கம்பெனியை மார்க்கெல் என்ற இன்ஷூரன்ஸ் கம்பெனி 2017இல் சுமார் 91.9 கோடி டாலருக்கு வாங்கியது. ஆபத்தான தொழில் என்றால் அவ்வளவு கொடுப்பார்களா?

பழைய அண்டர்ரைட்டர்:
நீங்களே லெட்டர் ஆஃப் கிரெடிட் பேச்சை எடுத்தீர்கள், நல்லது. 2023 ஜூலையில் என்ன நடந்தது? வெஸ்டூ என்ற இஸ்ரேலியக் கம்பெனி ஏற்பாடு செய்த ரீஇன்ஷூரன்சுக்கு ஈடாக, சீனா கன்ஸ்ட்ரக்‌ஷன் பேங்க் பெயரில் வந்த கடிதங்கள் போலி என்று தெரிந்தது. அடுத்த மாதமே வெஸ்டூ டெலாவேரில் திவால் மனு போட்டது. கிளியர் புளூ என்ற ஃபிரண்டிங் கம்பெனியின் ரேட்டிங்கை, இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் நிதி பலத்தை மதிப்பிடும் ஏஎம் பெஸ்ட் மறுபரிசீலனையில் வைத்தது. ஈடு காகிதம் காற்றில் போனாலும் பாலிசி காகிதம் நிற்கிறது. அதில் யார் பெயர்?

கணக்குப்பிள்ளை:
அது மோசடி சார். வீட்டில் திருடன் புகுந்தால் வீடு கட்டியதே தப்பு என்பீர்களா? நூறும் கொடுத்தாயிற்று என்ற கணக்கு அப்படியேதான் இருக்கிறது.

டெக்சாஸ் தமிழ்:
இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். கேப்டிவ், அதாவது தங்கள் ரிஸ்க்குக்காகச் சொந்த இன்ஷூரன்ஸ் கம்பெனி, வைத்திருக்கும் பெரிய கம்பெனிகளுக்கு ஃபிரண்டிங் இல்லாமல் முடியாது. தொழிலாளர் இழப்பீட்டு இன்ஷூரன்சுக்கு அந்தந்த மாநில லைசென்ஸ் உள்ள கம்பெனியின் பாலிசியைத்தான் பொதுவாகக் கேட்பார்கள். வெர்மான்ட் மாநிலத்தில் பதிவான கேப்டிவ் 50 மாநிலத்திலும் லைசென்சுக்கு அலைய முடியுமா?

கணக்குப்பிள்ளை:
பார்த்தீர்களா, அவரே லைசென்ஸ் வாடகை என்கிறார்.

டெக்சாஸ் தமிழ்:
நான் அப்படிச் சொல்லவே இல்லை. என் வாயில் வார்த்தையைத் திணிக்காதீர்கள்.

சொல்வேட்டை:
ஃபிரண்டிங் என்று ஏன் எழுத வேண்டும்? "பினாமிக் காப்பீடு" என்றால் எல்லோருக்கும் புரியுமே.

பழைய அண்டர்ரைட்டர்:
பினாமியா! பினாமியில் உண்மையான ஆள் ஒளிந்திருப்பார். இங்கே ரீஇன்ஷூரர் யார், எத்தனை சதவீதம் என்பதை ஒழுங்குமுறை ஆணையத்துக்குக் கணக்குக் கொடுக்கிறார்கள். ஐயா, இந்தச் சொல்லைத் தயவுசெய்து பரப்பாதீர்கள்.

சொல்வேட்டை:
நம் ஊரில் 2000இல் வந்த ரீஇன்ஷூரன்ஸ் விதிமுறையிலேயே, இந்தியக் கம்பெனி வெளிநாட்டுக் கம்பெனிக்கு வெறும் முகப்பாக நிற்கக் கூடாது என்று இருந்தது. அப்படியென்றால் என் சொல்லில் என்ன குற்றம்? போன வருடம் பிரீமியத்தை "தவணை" என்று எழுதியதற்கும் இதே போலத்தான் பாய்ந்தீர்கள்.

பழைய அண்டர்ரைட்டர்:
தவணை வேறு, பிரீமியம் வேறு, இன்றும் அதையேதான் சொல்வேன். விஷயத்துக்கு வருகிறேன். மாதாமாதம் எம்ஜிஏ அனுப்பும், பாலிசி விவரங்கள் அடங்கிய போர்டரோ என்ற எக்செல் தாளைத் திறந்து பார்த்தவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? நான் பார்த்த ஒன்றில் நாற்பது லாரிக்கும் ஒரே டிரைவர் பிறந்த தேதி இருந்தது. கேட்டால் "அடுத்த மாதம் திருத்துகிறோம்" என்று பதில் வந்தது. அந்தத் தாளை நம்பித்தான் பெர்முடாக்காரர் பணம் அனுப்ப வேண்டும். விவரம் பொய் என்று அவர் கையை விரித்தால் வழக்கு வருஷக்கணக்கில் போகும். அதுவரை கால் போனவர் காத்திருப்பாரா? பாலிசியில் பெயர் உள்ள கம்பெனி முதலில் கட்டியே ஆக வேண்டும், ரீஇன்ஷூரர் தந்தாலும் தராவிட்டாலும். இப்போது பல ஃபிரண்டிங் கம்பெனிகள் 10%, 20% என்று தாங்களே கொஞ்சம் வைத்துக்கொள்கின்றன. ரிஸ்க்கே இல்லாத இடத்தில் அதையும் ஏன் சுமக்கிறார்கள்?

கணக்குப்பிள்ளை:
வைத்துக்கொண்டால் அது முழு ஃபிரண்டிங் இல்லை. நான் சொன்னது நூறும் கொடுத்தவர்களைப் பற்றி. ஒரு எக்செல் தாளைப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் பாடம் எடுக்காதீர்கள்.

பழைய அண்டர்ரைட்டர்:
ஒரு தாள் இல்லை தம்பி, மாதத்துக்கு அறுபது. நேற்று கேட்டதையே திரும்பக் கேட்கிறேன், முதல் பக்கத்தில் யார் பெயர்?

கணக்குப்பிள்ளை:
நானும் நேற்றே பதில் சொல்லிவிட்டேன். நூறில் நூறு போனால் பூஜ்ஜியம். அப்புறம், தம்பி என்று கூப்பிடாதீர்கள், எனக்கு வயது ஐம்பத்து இரண்டு.