மறு: உடனிகழ்வா, ஒருநேரமையா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

திங்கட்கிழமை சார்பியல் பாடக்குறிப்பு அச்சுக்குப் போயாக வேண்டும், அதற்குள் கலைச்சொற்களை முடிவு செய்ய வேண்டும். விண்வெளிக்குப் போய் வந்த இரட்டையர் ஒருவர் மற்றவரைவிட இளமையாக இருக்கும் புதிருக்கு (twin paradox) 'இரட்டையர் முரண்போலி' எல்லாருக்கும் சம்மதம் என்பதில் மகிழ்ச்சி. 'முரண்பாடு' என்று போட்டால் கோட்பாடே தன்னோடு மோதுகிறது என்று மாணவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

சிக்கல் அடுத்த சொல்லில்தான்: இரண்டு நிகழ்வுகள் ஒரே நேரத்தில் நடப்பதை, அதாவது simultaneity-ஐ, எப்படிச் சொல்வது? புலவர் ஐயா 'உடனிகழ்வு' என்கிறார். நன்னூலே மூன்றாம் வேற்றுமைக்குக் 'கருவி கருத்தா உடனிகழ்வு' என்றுதானே பொருள் சொல்கிறது என்கிறார். அழகான சொல்தான். ஆனால் ஐயா, 'ஆசிரியரோடு மாணவர் வந்தார்' என்றால் இருவரும் ஒரே வாசலில் நுழைகிறார்கள். 'உடன்' வந்தாலே பக்கத்தில் என்பதும் கூட வந்துவிடுகிறது. நாம் பேசுவதோ ஒளியாண்டுக் கணக்கில் விலகிக் கிடக்கும் நிகழ்வுகளை.

கணக்கையே பாருங்கள். அக்கா ஒளிவேகத்தில் 0.8 பங்கு வேகத்தில் 4 ஒளியாண்டு போய்த் திரும்புகிறாள். பூமியிலேயே இருக்கும் இரட்டைத் தங்கைக்கு 10 ஆண்டு ஓடுகிறது, அக்காவுக்கு 6. அங்கே திசை மாற்றுவதற்குச் சற்று முன், 'இப்போது பூமியில்' 1.8 ஆண்டு ஆகியிருக்கிறது என்பது அக்காவின் கணக்கு. திசை மாற்றியதும் அது 8.2. நடுவில் 6.4 ஆண்டைக் காணோம்! தங்கையின் கடிகாரம் எங்கும் தாவவில்லை. அக்காவின் 'ஒரே நேரம்' என்ற கோடுதான் சாய்ந்துவிட்டது. அதனால்தான் 'ஒருநேரமை' என்கிறேன். அம்மையார் சொன்ன 'ஒருபொழுதுமை' காதுக்கு இனிமை. ஆனால் எனக்கு என் பாட்டி ஒருபொழுது இருந்த புரட்டாசிச் சனிக்கிழமைகள்தான் நினைவுக்கு வருகின்றன.

அப்புறம், convention என்பதற்கு நீங்கள் சொல்லும் 'மரபு'. தொலைவிலுள்ள கடிகாரத்தை நம்முடையதோடு ஒத்துவைக்க, அங்கே ஒளியை அனுப்பித் திரும்பப் பெற்றால், போய்வந்த மொத்த நேரத்தைத்தான் அளக்க முடியும். போக ஆனது அதில் பாதி என்பதை ஐன்ஸ்டைன் 1905இல் வரையறையாகவே வைத்தார். பாதிதான் என்று கட்டாயமில்லை, வேறு பங்கும் வைக்கலாம் என்று பின்னால் வாதிட்டவர் அறிவியல் மெய்யியலாளர் ரைகன்பாக். மரபு வழிவழியாக வருவது. இது இடுகுறிப்பெயர் மாதிரி நாமே இடுவது. ஆகவே 'இடுகோள்'. விண்வெளிப் பாடத்தில் 'கோள்' குழப்பும் என்கிறீர்கள். கருதுகோள் படிக்கும்போது யாருக்கும் செவ்வாயும் வியாழனுமா நினைவுக்கு வருகின்றன?

சரி, ஐந்து பேர் மரபு, இரண்டு பேர் இடுகோள். நாள் இல்லை, 'ஒருநேரமை மரபு' என்றே போகட்டும். ஆனால் 'பாதி என்பது நாம் வைத்துக்கொண்டது' என்ற வரியை மட்டும் தயவுசெய்து வெட்டாதீர்கள். அடுத்த பதிப்புக்கு இடுகோளை மறுபடி எடுத்துக்கொண்டு வருவேன்.