புதுப்பிப்பு: பல்ஸ்ஆடியோ பேட்ச் போட்டபின் அழைப்பில் ஒலி திக்கியது – காரணம் கிடைத்துவிட்டது

உதவிய எல்லோருக்கும் நன்றி. சென்ற முறை கேட்டது இதுதான்: பல்ஸ்ஆடியோவில் (லினக்ஸில் ஒலியைக் கையாளும் மென்பொருள்) ஒரு ஒலி வெளியீட்டு மாட்யூலுக்கு நான் எழுதிய பேட்ச் (நிரல் திருத்தம்), பாட்டு கேட்கும்போது ஒழுங்காக இருக்கும், குரல் அழைப்பில் மட்டும் திக்கும்.

முதலில் டீஸ்கெட்=0 (tsched=0) வைத்து, டைமர் பார்த்து ஒலித் தரவை நிரப்பும் முறையை நிறுத்திப் பார்த்தேன். நிலைமை மோசமாகி, பாட்டும் திக்கியது! ஆனால் அதுதான் துப்பு. டைமர் முறையில் பஃபர் (ஒலியை முன்கூட்டியே சேர்த்துவைக்கும் இடம்) 2 விநாடி வரை போகும், இதை நிறுத்தினால் இயல்பான அமைப்பில் 25 மில்லிவிநாடித் துண்டுகள் நான்கு, அதாவது வெறும் 100 மில்லிவிநாடிதான். பஃபர் சிறியதானதும் திக்குகிறது என்றால் என் நிரலில் ஏதோ ஒன்று நேரத்தை விழுங்குகிறது.

உண்மையில் வேலை செய்தது, பேட்சைச் சின்னச் சின்ன கமிட்டுகளாகப் பிரித்து கிட் பைசெக்ட் (பாதி பாதியாகப் பிரித்துச் சோதித்து, பிழையைக் கொண்டுவந்த கமிட்டைக் கண்டுபிடிக்கும் கட்டளை) ஓட்டுங்கள் என்ற யோசனை. ஏழு கமிட், மூன்றே சோதனையில் பிடிபட்டது. ஒலித் தரவை நேரம் தவறாமல் அனுப்பும் ஐஓ திரெட்டுக்குள்ளேயே நான் கோப்பில் எழுதிக்கொண்டிருந்தேன், அங்கே காத்திருக்க வைக்கும் எந்த வேலையும் கூடாது. இப்போது அசிங்க் மெசேஜ் கியூ (பதிலுக்குக் காத்திருக்காமல் செய்தி அனுப்பும் வரிசை) வழியாக மெயின் திரெட்டுக்குச் செய்தி அனுப்பி, எழுதும் வேலையை அங்கே மாற்றிவிட்டேன். திக்கல் சுத்தமாக இல்லை.

அப்புறம் ஒன்று, சோதிக்கும்போது சர்வீஸை மட்டும் நிறுத்தினால் போதாது, சிஸ்டம்டி சாக்கெட்டையும் (ஏதாவது செயலி இணைய வந்தால் சர்வீஸை எழுப்பிவிடுவது) சேர்த்து நிறுத்துங்கள். இல்லாவிட்டால் பழைய பல்ஸ்ஆடியோ தானாக எழுந்துவிடும், எனக்கு ஒரு மாலை முழுக்க அதிலேயே போனது.

பிரித்த பேட்சை மறுபடி அனுப்பியிருக்கிறேன்.