பக்கத்துக்கு 3 இன்ச் கூடுதல் நீள ஆர்மா, நல்ல ஷாக் மட்டும் போதுமா?

மண்புழுதி

வண்டி பிக்கப். முன்னால் இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன் (இரு சக்கரமும் தனித்தனியாக அசைவது), பின்னால் லீஃப் ஸ்பிரிங் (பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங்). முன்சக்கரம் மேலும் கீழும் சேர்த்து 8 இன்ச்தான் அசைகிறது. மணல்மேடும் அலையலையான மண்பாதையும்தான் பெரும்பாலும் என் ஓட்டம். கொஞ்சம் வேகம் எடுத்தாலே பம்ப் ஸ்டாப்பில் (சக்கரம் மேலேறும் எல்லையில் உள்ள தடுப்பு) இடி விழுகிறது. பக்கத்துக்கு 3 இன்ச் கூடுதல் நீளமான கன்ட்ரோல் ஆர்ம் (சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் கை) செய்து, அதற்கேற்ற ஆக்சில், டை ராட் (சக்கரத்தைத் திருப்பும் ஸ்டியரிங் தண்டு), காயிலோவர் (ஸ்பிரிங் சுற்றிய ஷாக்) போட்டு ட்ராவலை, அதாவது சக்கரம் அசையும் மொத்தத் தூரத்தை, 12 இன்ச்சுக்குக் கொண்டுபோக நினைக்கிறேன். செய்தவர்கள், செய்து நொந்தவர்கள் எல்லாரும் வாங்க.

பழைய ஸ்பானர்

இடிப்பதற்குக் காரணம் ட்ராவல் பற்றாக்குறைதான் என்று எப்படி முடிவு கட்டினீர்கள்? அலைப்பாதையில் ஷாக் செய்யும் வேலையே சக்கரத்தின் ஆட்டத்தை வெப்பமாக மாற்றுவதுதான். கம்பெனி போட்ட மெல்லிய ஷாக்கில் எண்ணெய் கொஞ்சம். சூடேறினால் எண்ணெய் நீர்த்துவிடும், நுரைத்தும் போகும். தடுப்பதற்கு ஆள் இல்லாமல் சக்கரம் நேராக ஸ்டாப்பில் போய் மோதும்.

ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். புறப்பட்ட உடனே இடிக்கிறதா, ஓடிச் சூடான பிறகு இடிக்கிறதா? சூடான பிறகு என்றால் ஆர்மைத் தொடவே வேண்டாம். 2.5 இன்ச் விட்டத்தில், தனி ரிசர்வாயரும் (கூடுதல் எண்ணெய்த் தொட்டி) நைட்ரஜன் அழுத்தமும் உள்ள ஷாக், கூடவே ஹைட்ராலிக் பம்ப் ஸ்டாப் (எண்ணெயால் இடியைத் தாங்கும் தடுப்பு). அவ்வளவுதான் வேலை.

தீப்பொறி

ஸ்பானர் அண்ணே சொல்றது பாதி சரி. மீதி பாதிய நான் சொல்றேன்.

ஸ்பிரிங் மெத்துனு வேணும்னா அது அமுங்க இடம் வேணும். வண்டி நிதானமா, நொடிக்கு ஒரு ஆட்டம்னு, அதாவது 1 ஹெர்ட்ஸ்ல மிதக்கணும்னா, நிக்கிற எடைக்கே சஸ்பென்ஷன் 25 செ.மீ. அமுங்கியிருக்கணும். 1.5 ஹெர்ட்ஸ்னா 11 செ.மீ. போதும், ஆனா அவ்வளவு மெத்து இருக்காது. இவர்கிட்ட மொத்தமா இருக்கிறதே 20 செ.மீ. இதுல ஸ்பிரிங்க மெத்துனு போட்டா இடிக்கும், கெட்டியா போட்டா முதுகு போகும். எந்த ஷாக்காலயும் இல்லாத இடத்த உண்டாக்க முடியாது.

இன்னொன்னு, சி.வி. ஜாயின்ட், அதாவது ஆக்சிலோட ரெண்டு முனையிலயும் வளைஞ்சுகிட்டே சுத்துற மூட்டு. ஆக்சில் 16 இன்ச்னு வச்சுக்குவோம். சக்கரம் 7 இன்ச் கீழ தொங்கினா ஜாயின்ட் 26 டிகிரி வளையும். சாதாரண ட்ரைபாட் வகை (மூணு உருளை உள்ள) உள் ஜாயின்ட் கிட்டத்தட்ட அங்கயே முட்டி நின்னுடும். அதே தொங்கல், ஆக்சில் 19 இன்ச்னா 21.6 டிகிரிதான். ஆர்ம நீட்டுறதுக்குக் காரணம் இதுதான், அழகுக்கு இல்ல.

பழைய ஸ்பானர்

கணக்கு சரி. ஆனால் பாதியில் நிறுத்திவிட்டீர்கள் தம்பி. கீழ் ஆர்ம் 15 இன்ச், ஷாக் அதில் சேசிஸ் முனையிலிருந்து 9 இன்ச் தொலைவில் உட்கார்ந்திருக்கிறது என்று வைப்போம். விகிதம் 0.6. ஆர்மை 18 ஆக்கிவிட்டு ஷாக்கை அங்கேயே விட்டால் 0.5. சக்கரத்துக்குப் போய்ச் சேரும் ஸ்பிரிங் பலம் இந்த விகிதத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, 0.36 என்பது 0.25 ஆகிவிடும். பழைய உயரத்தில் நிற்க வேண்டுமானால் 44 சதவீதம் கெட்டியான ஸ்பிரிங் வேண்டும். ஷாக்கின் தணிப்பும் அதே வர்க்கத்தில் குறையும். ஆர்ம் மட்டும் வாங்கிப் போட்டுவிட்டு, "வண்டி படகு மாதிரி ஆடுது" என்று புலம்புகிறவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள்.

டை ராடும் நீளும். அழுத்தத்தில் வளைந்துகொடுக்காமல் நிற்கும் பலம் நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம். 15 இன்ச் ராட் 18 ஆனால், அதே தடிமனில் சுமார் 30 சதவீதம் பலம் போச்சு.

ஒற்றையடி

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். வண்டி 6 இன்ச் கூடுதல் அகலமாகிவிடும் என்பதை யாருமே பேசவில்லையே? பாறைக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு கை இடைவெளியில் போகிற பாதையில் அந்த 6 இன்ச்தான் எல்லாம். சக்கரம் வெளியே தள்ளிப் போனால் பேரிங், ஸ்டியரிங் எல்லாமே அடி வாங்கும். உயரமும் கூடுகிறது, கவிழ்ந்தால் என்ன செய்வது?

தீப்பொறி

மூணு விஷயத்த ஒண்ணா கலக்குறீங்க.

பேரிங் அடி வாங்குறது வீல் ஸ்பேசர் (ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவுல வைக்கிற தட்டு) போட்டா. அதுல ஹப் பழைய இடத்துல, டயர் மட்டும் வெளிய. இங்க நக்கிளோட (ஹப்பத் தாங்குற பாகம்) சேர்ந்து ஹப்பும் வெளிய போகுது, அதனால ஸ்க்ரப் ரேடியஸ் (ஸ்டியரிங் திரும்புற அச்சு தரையத் தொடுற இடத்துக்கும் டயர் நடுவுக்கும் உள்ள தூரம்) மாறாது. கூடுதல் சுமை போறது சேசிஸ்ல ஆர்ம் மாட்டுற காதுக்கு. அத வலுப்படுத்தாம விட்டா விரிசல் விடும், அது உண்மை.

கவிழ்றதப் பத்தி: ரெண்டு பக்கச் சக்கரத்துக்கும் நடுவுல உள்ள அகலத்த ஈர்ப்பு மையத்தோட உயரத்தின் இரு மடங்கால வகுத்துப் பாருங்க, எண் கூடுனா கவிழ்றது கஷ்டம். 62 இன்ச் அகலம், 27 இன்ச் உயரம்னா 1.15. 68 அகலம், 29 உயரம்னா 1.17. குறையல, துளி கூடுது.

குறுகின பாதைக்கு இது ஆகாதுங்கறத ஒத்துக்கிறேன். ஆனா அவர் கேட்டது மணலுக்கு.

பழைய ஸ்பானர்

அந்த 1.17 நிற்கிற வண்டிக்கு. ஆன்டி ரோல் பாரை (வண்டி பக்கவாட்டில் சாய்வதைத் தடுக்கும் கம்பி) கழற்றி, மெத்தென்ற ஸ்பிரிங்கில் வளைவெடுத்தால் உடல் சாய்ந்து எடை ஒரு பக்கம் போகும். அது இந்தக் கணக்கில் வராது. தார்ச்சாலையில் ஒரு திடீர்த் திருப்பம் போதும்.

பின்பக்கத்தைப் பற்றியும் மூச்சே விடவில்லையே. முன்னால் 12 இன்ச், பின்னால் அதே பழைய லீஃப் என்றால், முன்சக்கரம் விழுங்கிய மேட்டில் பின்பக்கம் உதைத்துத் தூக்கும், மூக்கு மண்ணில் குத்தும். ஃபோர்டு 2010 ராப்டரில் முன்னால் 11.2, பின்னால் 12.1 இன்ச் கொடுத்தார்கள். இரண்டு முனையும் ஒன்றுக்கொன்று ஈடு. அதற்காக வண்டியையே அகலப்படுத்தினார்கள்.

தீப்பொறி

நீங்களே என் கட்சிக்கு வந்துட்டீங்க அண்ணே! கம்பெனிக்காரனே அகலப்படுத்தித்தான் ட்ராவல் எடுத்தான். 😄 பின்னால நீளமான லீஃப், ஷேக்கிள் (லீஃப் முனையச் சேசிஸோட சேர்க்கிற இணைப்பு) மாத்தி, நீள ஷாக் போட்டாகணும், மறுக்கல.

பழைய ஸ்பானர்

வரவில்லை. அவன் மொத்தத்தையும் சேர்த்து வடிவமைத்தான். நம்மவர் பட்டியலில் பிரேக் ஹோஸும் இல்லை, ஏ.பி.எஸ். (பிரேக்கில் சக்கரம் பூட்டாமல் காப்பது) வயரும் இல்லை, லிமிட் ஸ்ட்ராப்பும் (சக்கரம் அளவுக்கு மேல் தொங்காமல் தடுக்கும் பட்டை) இல்லை. சக்கரம் தொங்கும்போது முதலில் இழுபடுவது ஹோஸ்தான்.

மண்புழுதி

ஸ்பானர் சார் கேள்விக்குப் பதில்: இரண்டும் நடக்கிறது. அலைப்பாதையில் சூடான பிறகுதான் இடிக்கிறது. மணல்மேடு தாண்டி இறங்கும்போது, வண்டி எடுத்த புதிதில்கூட, ஷாக் குளிர்ந்திருந்தாலும் இடிக்கிறது.

பழைய ஸ்பானர்

அப்படியானால் அலைப்பாதைக்கு என் வைத்தியம். மேட்டுக்கு மட்டும்தான் தீப்பொறியின் வைத்தியம். அதுவும், ஹைட்ராலிக் பம்ப் ஸ்டாப் போட்ட பிறகும் இடித்தால்.

தீப்பொறி

ரெண்டு தடவ செலவு பண்ணச் சொல்றீங்க. இப்ப இருக்கிற அளவுக்கு வாங்குற ஷாக் நாளைக்கு நீள ஆர்முக்கு உதவாது. ஸ்ட்ரோக்கும் (ஷாக் நீண்டு சுருங்குற தூரம்) வேற, வால்விங்கும் (உள்ள எண்ணெய் ஓட்டத்தக் கட்டுப்படுத்துற அமைப்பு) வேற.

மண்புழுதி

அதுதான் எனக்கும் உறுத்துகிறது. முதலில் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, வெறும் ஆர்மோடு சக்கரத்தை ஜாக்கில் இன்ச் இன்ச்சாக ஏற்றி இறக்கி அளக்கப் போகிறேன். இப்போது மேலே எது முட்டுகிறது, கீழே எது தடுக்கிறது, டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே, வெளியே திரும்பியிருக்கும் கோணம்) எவ்வளவு மாறுகிறது என்று தெரிந்துவிடும். எண்களை இங்கேயே போடுகிறேன்.

பழைய ஸ்பானர்

செய்யுங்கள். ஸ்டியரிங்கை நேராக வைத்து மட்டும் அளக்காதீர்கள். இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, முழுத் தொங்கலில் ஆக்சிலைக் கையால் சுற்றிப் பாருங்கள். வெளி ஜாயின்ட் இறுகுவது அங்கேதான் தெரியும்.

ஒற்றையடி

அப்படியே டயர் ஃபெண்டரில் எங்கே உரசுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 12 இன்ச் பற்றிப் பேசுகிறவர்கள், அதில் மேலே போவது எவ்வளவு என்று சொல்வதே இல்லை.