ஜம்ப் ஸ்டார்ட்டரை வண்டியில் பேக்கப் பவராக வைத்துக்கொள்ளலாமா?

நாடோடி: வண்டியிலேயே இரவு தூங்குகிற ஆள் நான். போன், எல்இடி விளக்கு, டேஷ்கேம் (வண்டிக் கேமரா) எல்லாமே 20,000 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-ஹவர்) ஜம்ப் ஸ்டார்ட்டரில்தான் ஓடுகின்றன; வண்டி பேட்டரி இறங்கிப்போனால் எஞ்சினைக் கிளப்ப உதவும் கையடக்க லித்தியம் பேட்டரிப் பெட்டிதான் அது. வண்டி பேட்டரியைத் தொடுவதே இல்லை. இது இருக்க, விளக்குக்கும் கேமராவுக்கும் தனியாக இன்னொரு பேட்டரிப் பெட்டி எதற்கு?

கம்பிக்காரர்: அந்த 20,000 என்பது ஒரு செல்லின் 3.7 வோல்ட்டுக்குப் போட்ட கணக்கு. பெருக்கிப் பார்த்தால் 74 வாட்-ஹவர், அதாவது 74 வாட்டை ஒரு மணி நேரம் கொடுக்கும், அவ்வளவுதான். 45 வாட் இழுக்கிற கார் ஃப்ரிட்ஜைச் செருகினால் ஒன்றரை மணி நேரத்தில் படுத்துவிடும். காலையில் வண்டி கிளம்பாவிட்டால் எதை வைத்துக் கிளப்புவீர்கள்?

நாடோடி: ஃப்ரிட்ஜ் பேச்சை யார் எடுத்தது? டேஷ்கேம் 5 வாட். பாதி சார்ஜ் இறங்கியதும் கழற்றிவிடுவேன். இதையே வண்டி பேட்டரியிடம் கேட்டால்தான் வம்பு. சில நொடிகள் பெரிய கரண்ட் கொடுக்கச் செய்த லெட்-ஆசிட் அது. அடிக்கடி ஆழமாக இறக்கினால் தகடுகளில் சல்பேட் படிந்து ஆயுளே போய்விடும்.

கம்பிக்காரர்: லெட்-ஆசிட் விஷயத்தில் மறுப்பில்லை. ஆனால் பாதி சார்ஜில் இருக்கிற லித்தியம் செல், குளிர்ந்த காலையில் பெரிய டீசல் எஞ்சினைச் சுழற்றும்போது வோல்ட்டேஜ் சட்டென்று விழும். வண்டியின் ஸ்டார்ட்டர் மோட்டார் 'டக்' என்று ஒரு சத்தம் போடும், அத்தோடு சரி. பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் பீக் ஆம்பியரை (ஒரு கணம் மட்டும் கொடுக்கக்கூடிய உச்ச கரண்ட்) நம்பிப் போகாதீர்கள்.

டீசல்காரன்: நடுவில் ஒரு சந்தேகம். ஜம்ப் ஸ்டார்ட்டரின் கிளாம்பை (பேட்டரி முனையைக் கவ்வும் இடுக்கி) கழற்றாமல் வண்டி பேட்டரியிலேயே விட்டுவைத்தால்? ஓடும்போது எஞ்சினால் சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரே சார்ஜ் ஏற்றிவிடும், இரண்டாவது பேட்டரி மாதிரி ஆகிவிடாதா?

நாடோடி: ஐயோ, அது மட்டும் வேண்டாம்!

கம்பிக்காரர்: இதில் நாங்கள் இருவரும் ஒரே கட்சி. பல மாடல்களில் மூன்று செல்கள் தொடராக இருக்கும். முழு சார்ஜே 12.6 வோல்ட். ஆல்டர்னேட்டர் கொடுப்பது 14-க்கு மேல். பாதுகாப்பு சர்க்யூட் தடுக்காவிட்டால் செல் உப்பும், தீப்பிடிக்கவும் செய்யும். எஞ்சின் கிளம்பியதும் கிளாம்பைக் கழற்றுங்கள். சார்ஜ் ஏற்ற அதற்கென்று இருக்கிற யூஎஸ்பி வழியைப் பயன்படுத்துங்கள்.

டீசல்காரன்: சரி, புரிந்தது. டேஷ்போர்டு மேலே வைக்கலாமா?

கம்பிக்காரர்: வேண்டாம். வெயிலில் பூட்டிய வண்டிக்குள் 60 டிகிரி தாண்டும், டேஷ்போர்டு அதைவிட மோசம். சாதாரண லித்தியம்-அயன் செல்லை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்வதே தப்பு. வண்டியை விட்டு இறங்கும்போது கையோடு எடுத்துப் போங்கள்.

நாடோடி: எனக்கு இருக்கிற ஒரே எரிச்சல் வேறு. சின்ன எல்இடி விளக்கு இழுக்கிற கரண்ட் போதாது என்று பெட்டி தானாக ஆஃப் ஆகிவிடுகிறது. போனையும் கூடவே செருகி வைக்க வேண்டியிருக்கிறது.

கம்பிக்காரர்: அதற்குத்தான் சொல்கிறேன், விளக்குக்கும் கேமராவுக்கும் ஒரு சின்ன எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பவர் ஸ்டேஷன், அதாவது சாதனங்களை ஓட்டுவதற்கென்றே செய்த பேட்டரிப் பெட்டி வாங்குங்கள். ஜம்ப் ஸ்டார்ட்டர் முழு சார்ஜில் சும்மா கிடக்கட்டும்.

நாடோடி: சும்மா கிடக்கவா காசு கொடுத்து வாங்கினேன்? என் வண்டி பெட்ரோல், சின்ன எஞ்சின். பாதி சார்ஜ் அதற்குப் போதும்.