கதவோரத்தில் 33, டயரின் மேல் 51: குடும்பக் காருக்கு எவ்வளவு காற்று பிடிப்பது?

குயில்தோப்பு:
ஐந்து பேர் போகிற கார். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரிகிற ஸ்டிக்கரில், சாதாரணச் சுமைக்கு நான்கு சக்கரங்களுக்கும் 33 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அலகு) என்றும், ஆட்களும் பெட்டிகளும் நிறைந்திருந்தால் முன்னால் 33, பின்னால் 38 என்றும் போட்டிருக்கிறது. டயரின் பக்கவாட்டிலோ 51 என்று அச்சிட்டிருக்கிறார்கள். காற்று பிடிக்கப் போனால் கேட்காமலேயே நான்கிலும் 38 வைத்துவிடுகிறார்கள். வீட்டில் ஆளுக்கொரு கருத்து. எதை நம்புவது?

நெடுவழி:
38ஐயே நம்புங்கள். டயர் 51 வரை தாங்கும் என்று அதைச் செய்தவர்களே எழுதியிருக்கிறார்கள். 38 அதற்கு வெகு கீழே. டயரிலிருந்து காற்று எப்படியும் மெல்ல மெல்ல இறங்கும். நாம் தினமும் பார்ப்பதில்லை. அதிகமாக வைத்தால் அது இறங்கி இறங்கிச் சரியான அளவுக்கு வந்து நிற்கும். பெட்ரோலும் மிச்சம். ஸ்டிக்கரில் குறைவாகப் போட்டிருப்பது, உள்ளே இருப்பவர்களுக்குக் குலுங்காமல் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

அச்சாணி:
நெடுவழி அவர்களே, 51 என்பது அந்த டயருக்கு விதித்த உச்ச வரம்பு. உங்கள் காருக்கு உரிய அளவு அல்ல. அதே டயர் எடை குறைந்த காரிலும் மாட்டப்படும், கனமான காரிலும் மாட்டப்படும். எந்தக் காருக்கு எவ்வளவு என்று சொல்ல வேண்டியவர் காரைச் செய்தவர். முன் அச்சில் எவ்வளவு எடை, பின் அச்சில் எவ்வளவு, பிரேக் பிடித்தால் கார் எப்படி நிற்கிறது என்பதையெல்லாம் பார்த்துத்தான் 33 என்று போடுகிறார். சொகுசு அதில் ஒரு பகுதி மட்டுமே.

பெட்ரோல் கணக்கையும் பார்ப்போம். நான்கு டயர்களிலும் சராசரியாக 1 பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜ் சுமார் 0.2 சதவீதம் குறையும் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. ஏற்றினால் அதே அளவு மிச்சம் என்று வைத்துக்கொண்டாலும், 5 பிஎஸ்ஐ கூடுதலாக வைத்து நீங்கள் பெறுவது 1 சதவீதம். அதற்காக டயரின் நடுப்பகுதியை மட்டும் தேய்த்துக்கொண்டு, தரையைப் பிடிக்கிற பரப்பையும் குறைத்துக்கொள்ள வேண்டுமா?

நெடுவழி:
தேய்மானத்தை விடுங்கள், உயிரைப் பற்றிப் பேசுவோம். காற்று இறங்கிய டயர்தான் நெடுஞ்சாலையில் வெடிக்கிறது. பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கிச் சூடேறி, உள்ளே இருக்கும் அடுக்குகள் பிரிந்துவிடுகின்றன. மழையிலும் அப்படித்தான். தேங்கிய நீரின் மேல் டயர் எந்த வேகத்தில் மிதக்கத் தொடங்கும் என்பதற்கு நாசா ஆய்வாளர்கள் 1960களில் ஒரு சூத்திரம் தந்தார்கள். பிஎஸ்ஐயின் வர்க்கமூலத்தை 9ஆல் பெருக்கினால் வேகம் நாட் கணக்கில் வரும் (ஒரு நாட் என்பது மணிக்கு சுமார் 1.85 கிலோமீட்டர்). 33க்கு மணிக்கு சுமார் 96 கிலோமீட்டர், 38க்கு சுமார் 103. குழந்தைகளை ஏற்றிக்கொண்டு மழையில் போகிறவருக்கு அந்த 7 கிலோமீட்டர் பெரிதில்லையா?

அச்சாணி:
நல்ல வாதம். மனதார ஏற்கிறேன், அதே சூத்திரத்தை வைத்தே பேசுவோம். அது ஓடுபாதையில் இறங்கும் விமான டயர்களை வைத்துக் கண்டது. கார் டயரில் நீரை வெளியே தள்ளுவது வரிப்பள்ளங்கள். அதிகக் காற்றால் நடுவில் இருக்கும் பள்ளங்கள் ஆழம் குறைந்துபோனால், காகிதத்தில் கிடைத்த 7 கிலோமீட்டர் சாலையில் கிடைக்காது.

அடுத்து, 25 பிஎஸ்ஐக்குப் போட்டுப் பாருங்கள்: 83 கிலோமீட்டர்தான் வரும். 33லிருந்து 25க்கு இறங்கியதும் 13 கிலோமீட்டர் போய்விட்டது. ஆபத்து அந்தப் பக்கம்தான் அதிகம் என்று நீங்கள் சொல்வது உண்மை. அதற்கு மருந்து அளந்து பார்ப்பது. அளக்காமல் இருப்பதற்கு ஈடாக முன்கூட்டியே ஏற்றி வைப்பது மருந்தாகாது.

பழையசாவி:
என் காரில் எச்சரிக்கை விளக்கு இருக்கிறது. காற்று குறைந்தால் அதுவே எரியும். இவ்வளவு கவலை எதற்கு?

அச்சாணி:
அந்த விளக்கு எப்போது எரியும் தெரியுமா? டயர்கள் பிரிந்து பலர் இறந்த விபத்துகளுக்குப் பிறகு, 2000ஆம் ஆண்டில் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றியது. அதன் வழியே வந்த விதிப்படி, பரிந்துரைத்த அளவில் 25 சதவீதம் குறைந்தால் விளக்கு எரிய வேண்டும். 33இல் 25 சதவீதத்தைக் கழித்தால் ஏறத்தாழ 25. சற்று முன் பேசிய அதே 25! விளக்கு எரிவதற்குள் நீங்கள் அந்த நிலைக்கு வந்திருப்பீர்கள். சில கார்களில் டயருக்குள் சென்சாரே கிடையாது. சக்கரம் சுழலும் வேகத்தை ஒப்பிட்டே கண்டுபிடிக்கின்றன. நான்கும் ஒன்றுபோல இறங்கினால் இவ்வகையில் பழையவை ஏமாந்துவிடும். கண்ணால் பார்த்தும் சொல்ல முடியாது, இன்றைய கார்களில் இருக்கும் ரேடியல் டயர் சரியான காற்றிலும் கீழே சற்றுப் பிதுங்கித்தான் நிற்கும்.

பழையசாவி:
அப்படியானால் நைட்ரஜன் அடித்துவிட்டால்?

அச்சாணி:
நாம் அடிக்கிற காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அமெரிக்க நுகர்வோர் இதழான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 2007இல் வெளியிட்ட சோதனையில், 30 பிஎஸ்ஐ நிரப்பி ஓர் ஆண்டு சும்மா வைத்திருந்த டயர்களில் சாதாரணக் காற்று சராசரியாக 3.5 பிஎஸ்ஐயும் நைட்ரஜன் 2.2 பிஎஸ்ஐயும் இறங்கின. வித்தியாசம் உண்டு, சிறியது. சாலையில் ஓடுகிற டயரில் வால்வும் ரிம் ஓரமும் சேர்ந்து கசிவது இதைவிட அதிகம். எதை அடித்தாலும் மாதம் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும்.

நெடுவழி:
பார்ப்பது எப்படி என்பதில்தான் சிக்கல். டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும் என்கிறீர்கள். பெட்ரோல் பங்க் போய்ச் சேருவதற்குள் சூடாகிவிடுகிறது. சூட்டில் 37 காட்டுகிறது என்று காற்றைத் திறந்துவிட்டு 33 ஆக்குகிறார்கள். மறுநாள் காலையில் அது 29. இந்தக் கூத்துக்கு 38ஏ நல்லது என்றுதான் சொல்கிறேன்.

அச்சாணி:
இதில் உங்கள் பக்கம் முழு நியாயம் இருக்கிறது. சூடான டயரிலிருந்து காற்றைத் திறந்துவிடவே கூடாது. ஆனால் வழி எளிது. கையடக்கமான பிரஷர் கேஜ் ஒன்று வாங்கி, கார் மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு வீட்டிலேயே அளந்துகொள்ளுங்கள். வால்வின் மேல் நேராக வைத்து ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். 'உஸ்' என்ற சத்தம் உடனே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் சாய்ந்திருக்கிறது, காட்டும் எண்ணை நம்பாதீர்கள். 29 என்றால் நான்கு குறைகிறது. பங்கில் சூட்டோடு 32 காட்டினால் 36 ஆகும் வரை அடிக்கச் சொல்லுங்கள். குறைந்ததைக் கூட்டினால் போதும், மறுநாள் காலையில் 33 இருக்கும்.

வெப்பநிலை 5 அல்லது 6 டிகிரி செல்சியஸ் மாறினால் சுமார் 1 பிஎஸ்ஐ மாறும். வெயிலில் ஒரு பக்கமாக நின்ற காரை அளக்காதீர்கள், அந்தப் பக்கச் சக்கரங்கள் கூடுதலாகக் காட்டும்.

நெடுவழி:
குறைந்ததைக் கூட்டும் கணக்கை ஏற்கிறேன். ஆனால் அளக்கவே மாட்டேன் என்பவருக்கு இன்னமும் 35 என்றுதான் சொல்வேன். ஊருக்குப் போகும்போது பின்னால் 38 வைப்பதிலாவது உங்களுக்கு மறுப்பில்லையே?

அச்சாணி:
துளியும் இல்லை. ஸ்டிக்கரே அதைத்தான் சொல்கிறது. ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறிய பிறகு பின்னால் 33 என்பது குறைவு. திரும்பி வந்ததும் டயர் ஆறிய பிறகு இறக்கிவிடுங்கள்.

குயில்தோப்பு:
இருவருக்கும் நன்றி. இப்போதுதான் ஸ்டெப்னியைத் திறந்து பார்த்தேன். மற்றதைவிட ஒல்லியாக இருக்கிறது, 60 பிஎஸ்ஐ என்று போட்டிருக்கிறது. பிழையா?

அச்சாணி:
பிழையில்லை. ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னிக்கு 60தான். அதை மாட்டினால் அதன் மேல் எழுதியுள்ள வேகத்தைத் தாண்டாதீர்கள், பெரும்பாலும் மணிக்கு 80 கிலோமீட்டர். இப்போதே அளந்து பாருங்கள். டிக்கியில் கிடக்கிற சக்கரத்திலும் காற்று இறங்கும்.

நெடுவழி:
மற்றவற்றின் அளவிலேயே ஸ்டெப்னி இருப்பவர்கள் அதில் ஸ்டிக்கரில் உள்ள பெரிய எண்ணையே வைத்திருங்கள், இங்கே அது 38. முன்னால் மாட்ட நேர்ந்தால் இறக்கிக்கொள்ளலாம். நடுவழியில் ஏற்றத்தான் முடியாது.

அச்சாணி:
முழுக்கச் சரி.