தேரூர் குளத்து நீர்ச் சோதனை நின்றுபோகும் நிலை, வழி சொல்லுங்கள்

வணக்கம். தேரூர் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர் நான். ஒரு கல்லூரியின் துணையோடு எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சனிக்கிழமைதோறும் குளத்து நீரைச் சோதித்து, நோட்டில் எழுதி வந்தார்கள். சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதன் கரையில் வளரும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

மார்ச்சில் கல்லூரியின் திட்டக்காலம் முடிந்தது, கருவிகள் திரும்பிப் போயின. எங்களிடம் இருப்பது நீரின் அமில, காரத் தன்மையை அளக்கும் பேனா வகை பிஹெச் மீட்டர் ஒன்றுதான். கோடை விடுமுறை முழுக்க அது காய்ந்து கிடந்தது. ஜூனில் எடுத்தால் குளத்து நீர் 9.4. வெயில் ஏறும்போது பாசி கரியமில வாயுவை இழுப்பதால் பிஹெச் கூடும், ஆனால் இது காலை 7 மணி அளவு! குழாய்த் தண்ணீருக்கும் 8.9 காட்டுகிறது.

பேட்டரி மாற்றினேன். முனையைப் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் இரவு முழுக்க ஊறவைத்தேன். பிஹெச் 6.86, 4.01 என்று அளவு தெரிந்த கரைசல் தரும் பொடிகளைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து அளவும் திருத்தினேன். பத்து நிமிடம் சரியாக இருக்கும், அப்புறம் எண் மெல்ல ஏறிவிடும். முனை போய்விட்டது என்றே நினைக்கிறேன். அந்தக் கல்லூரிக்கு இரண்டு கடிதம் போட்டும் பதில் இல்லை.

தவறான எண்ணைப் பிள்ளைகள் நோட்டில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

நாகர்கோவில் சுற்றுவட்டாரத்தில், மாதம் ஒருமுறையாவது பிள்ளைகளோடு சேர்ந்து நீரைச் சோதித்துத் தர எந்தக் கல்லூரியில் எந்தத் துறையை அணுகலாம்?